அம்செல்பாக்கின் நாற்காலி

"பெட்டியை மூட முதல் ஒருக்காக் கிட்ட வாங்கோ அம்மா."

தக்சாயினி மறுபடியும் இதைச் சொன்னபோது, ரஞ்சினி கைப்பையிலிருந்து கடதாசிக் கைக்குட்டை ஒன்றை எடுத்து மூக்கைச் சிந்தினாள். பின்வரிசைப் பெண்கள் ஒருவரையொருவர் நிம்மதியோடு பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் அழுதுவிட்டாள். அது அழுகையில்லை, தடிமன், மூக்கு ஒழுகும் சளி என்பது தக்சாயினிக்கு மட்டும்தான் தெரியும்.

"நான் இஞ்சையிருந்தே பாக்கிறன். தெரியுது."

"என்ன தெரியுது?"

"மூக்குத் தெரியுது. அவ்வளவு காணும்."

தகனச்சாலை மண்டபத்தின் நடுவில் பெட்டி திறந்திருந்தது. பட்டு வேட்டியும் சால்வையுமாக அப்பா படுத்திருந்தார். சுற்றிலும் சொந்தக்காரப் பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடித்தபடி நின்றார்கள். மண்டபத்துக்குள் நெருப்பு கூடாது என்பதால் அவை பற்றரியில் மினுங்கும் மெழுகுதிரிகள். ஐயர் அதற்கும் மந்திரம் சொன்னார். இடையில் ஒன்று அணைந்துபோக, பிடித்திருந்த பிள்ளை அதைத் தொடையில் தட்டி மறுபடி எரியவைத்தாள்.

எல்லோரும் வாய்க்கரிசி போட்டாயிற்று. ரஞ்சினி மட்டும் முதல் வரிசைக் கதிரையில், பேருந்துக்குக் காத்திருப்பவள்போல் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தாள்.

"மச்சாளுக்கு அதிர்ச்சி," என்றாள் கனடாவிலிருந்து வந்திருந்த கண்மணி மாமி. அப்பாவின் தங்கை அவள்.

அதிர்ச்சி இல்லை, கோபம். போன சனிக்கிழமை காலை, முருங்கைக்காய் வாங்கிவரத் தமிழ்க் கடைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் அப்பா சிவகுருநாதன் காரை எடுத்தார். மத்தியானம் தொலைபேசி வந்தது. கடையிலிருந்து அல்ல, அம்செல்பாக்கின் வீட்டிலிருந்து.

லியோன்ஹார்ட் அம்செல்பாக் இருநூறு வருடங்களுக்கு முன்னால் லிப்ப ஆற்றங்கரைக் கிராமம் ஒன்றில் வாழ்ந்து, காசநோயில் இளம் வயதிலேயே செத்துப்போன கவிஞன். ஒரு கவிதைப் புத்தகமும் முடியாத நாவல் ஒன்றும் எழுதியிருந்தான். ஜெர்மன்காரர்களே பெரும்பாலும் அவனைக் கேள்விப்பட்டதில்லை. அவன் இருந்த வீடு இப்போது காட்சியகம். மாடியில், அவன் எழுதிய மேசைக்கு முன்னால், அவன் நாற்காலி. அதைச் சுற்றிச் சிவப்புக் கயிறு. கயிற்றில் 'உட்காரக் கூடாது' என்று ஓர் அட்டை.

அந்த நாற்காலியில்தான் சிவகுருநாதன் உட்கார்ந்து செத்துப்போயிருந்தார். காவலுக்கு நின்ற பெண், தயவுசெய்து எழும்புங்கள் என்று முதலில் மரியாதையாகவும் பிறகு கொஞ்சம் கடுமையாகவும் நெடுநேரம் அவரிடம் வாதாடியிருக்கிறாள்.

"செத்த இடம் ஆஸ்பத்திரி எண்டு சொல்லுங்கோ," என்று ரஞ்சினி எல்லோருக்கும் சொல்லிவைத்தாள். தக்சாயினியிடம் மட்டும், "பொய் சொல்லிட்டுப் போன மனுசன். முருங்கைக்காயாம். அம்சன்ரை மடியிலை போய் இருந்து செத்திருக்கிறார். நான் என்னத்துக்குப் போய்ப் பாக்கோணும்? அவனே பாக்கட்டும்," என்றாள்.

அம்சன் என்பது அம்செல்பாக்குக்கு அவள் வைத்த பெயர். சக்களத்தி ஒருத்தி இருந்திருந்தால் அவளைக்கூட ரஞ்சினி இவ்வளவு பேசியிருக்கமாட்டாள்.

ஜெர்மனிக்கு வந்த புதிதில், அகதிகள் விடுதியில், தேவாலயத்துக்காரர் கொடுத்த பழைய சாமான் பெட்டிக்குள் அப்பாவுக்கு அந்தப் புத்தகம் கிடைத்தது. அகராதியை வைத்துக்கொண்டு அதிலிருந்துதான் ஜெர்மன் படித்தார். அதனால் அவருடைய ஜெர்மன் இருநூறு வருடம் பழையது. விசா நீட்டிக்கும் அலுவலகத்தில், "மேன்மை பொருந்திய சீமாட்டியே, இவ்வேழையின் விண்ணப்பத்தைத் தங்கள் கருணை விழிகள் நோக்குமாக," என்பார். அங்கிருந்த பெண் ஒவ்வொரு முறையும் முகம் சிவந்து, பக்கத்து அறையில் இருப்பவர்களையும் கூட்டிவந்து கேட்கவைத்த பிறகே முத்திரை குத்துவாள்.

கோடை விடுமுறையில் மற்றப் பிள்ளைகள் கடற்கரைக்குப் போனார்கள். தக்சாயினி அம்செல்பாக்கின் கல்லறைக்குப் போனாள். அடுத்த வருடம் அம்செல்பாக்கைப் பதிப்பித்தவரின் கல்லறை. அதற்கடுத்த வருடம், இனிப் போக இடமில்லை என்று நினைத்திருக்க, அம்செல்பாக்கின் பெரியம்மாவின் கல்லறை. பிராங்பேர்ட்டில் வேலை கிடைத்துப் போனபோது, அந்த நகரத்தில் அவன் ஓர் இரவுகூடத் தங்கியதில்லை என்று அப்பா கவலைப்பட்டார். அவள் நிம்மதிப்பட்டாள்.

மண்டபக் கதவு மெல்லத் திறந்தது. கறுப்பு மேலங்கி போட்ட உயரமான கிழவர் ஒருவர் நீளமான துணிப்பை ஒன்றைக் குழந்தையைப்போல் இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு வந்தார். அம்செல்பாக் வாசகர் வட்டத்தின் தலைவர், ஹெர் தீலெமன். அந்த வட்டத்தில் அப்பாதான் மிக இளையவர். எழுபது வயது.

"உவர் ஏன் வந்தவர்?" என்றாள் ரஞ்சினி.

"அப்பாவின்ரை கூட்டாளி அம்மா."

"நாற்காலிக்குக் காசு கேக்கப் போறாரோ?"

ஹெர் தீலெமன் தக்சாயினிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு, நடப்பதை மொழிபெயர்த்துச் சொல்ல முடியுமா என்று மெதுவாகக் கேட்டார். அவள் தலையாட்டினாள். பைக்குள் பூக்களாக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

இரங்கலுரைக்குப் பாலச்சந்திரன் எழுந்தார். ரொட்டி சுடும் பாண் தொழிற்சாலையில் அப்பாவோடு ஒரே ஓடும் பட்டியில் எதிரும் புதிருமாக நின்று வேலை செய்தவர். இப்போது தமிழ்ச் சங்கத் தலைவர். கொஞ்சம் முன்னதாக, "நேரம் குறைவு, சுருக்கமாச் சொல்லுங்கோ," என்று தக்சாயினி அவரைக் கெஞ்சியிருந்தாள். அடுத்த சாவுக்காரர்கள் ஏற்கெனவே வெளியே வந்துவிட்டார்கள்.

"அன்பார்ந்த உறவுகளே," என்றார் பாலச்சந்திரன். "சிவா அண்ணையை நீங்கள் எல்லாரும் அறிவியள். ஆனால் அவருடைய நெஞ்சுக்குள் இருந்த நெருப்பை அறிந்தவன் நான் ஒருவன்தான். முப்பது வருசம், அந்த மெசின் சத்தத்துக்குள்ளை, அவர் தன்ரை சோகக் கதையை எனக்குச் சொன்னார். நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. இண்டைக்குச் சொல்லப்போறன்."

மண்டபம் நிமிர்ந்து உட்கார்ந்தது.

"இளம் வயதிலே அவர் ஒரு மில் முதலாளியின் மகளை நேசித்தார்."

இதை எங்கோ கேட்டிருக்கிறேனே என்று தக்சாயினி நினைத்தாள்.

"எந்த மில்?" கண்மணி மாமி முன்னால் சாய்ந்தாள். "எங்கடை ஊர்ப்பக்கம், கொடிகாமத்து மில்லோ? அவள் நல்ல வெள்ளைப் பெட்டை. எனக்கு அப்பவே ஒரு சந்தேகம். இப்ப லண்டனிலை இருக்கிறாள்."

"ஆனால் அந்தப் பெண்ணை வேறொரு பணக்காரனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அண்ணை அவளின் தலைமுடியில் ஒரு கற்றையைச் சட்டைப் பைக்குள்ளே வைத்துக்கொண்டு ஆற்றங்கரையிலே அலைந்தார்."

"கொடிகாமத்திலை ஆறு இல்லையே," என்றார் யாரோ.

"குளத்தைச் சொல்லுறார்," என்றாள் மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"பிறகு ராணுவம் வந்தது. வீட்டிலிருந்த குதிரையைக்கூட விட்டுவைக்கவில்லை."

"குதிரையோ?"

"சைக்கிளைச் சொல்லுறார். ரலி சைக்கிள். ஐயோ, அண்ணாவின்ரை சைக்கிள்!"

ராணுவம் என்றதும் மண்டபம் முழுவதும் கலங்கிவிட்டது. ராணுவம் எல்லோருடைய வீட்டுக்கும் வந்திருந்தது. பனி மூடிய மலைகளை அண்ணை கால்நடையாகக் கடந்தார் என்று பாலச்சந்திரன் சொன்னபோது, மூன்றாம் வரிசையில் இருந்த மனிதர் தானும் அப்படித்தான் வந்ததாகச் சொல்லி விம்மினார். இரத்தம் இரத்தமாக இருமினார், எழுதிய கவிதைகளையெல்லாம் அடுப்பில் போட்டு எரித்தார் என்றபோது பாலச்சந்திரனே மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

"என்ன சொல்கிறார்?" என்று ஹெர் தீலெமன் கேட்டார்.

"இளமைக் காலம்... மில் முதலாளியின் மகள்... மலை..."

கிழவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "நண்பனின் சாவு வீட்டில் அம்செல்பாக்கின் வாழ்க்கையையே சொல்கிறீர்கள்! எவ்வளவு உயர்ந்த வழக்கம்! நாங்கள் வெறுமனே மாலை வைத்துவிட்டுப் போய்விடுகிறோம்."

கிழவர் சொன்னது சரிதான். சின்ன வயதில் தக்சாயினி படுக்கையில் அப்பாவிடம் கேட்ட கதை அது. எழுந்து நிறுத்தலாம். ஆனால் இத்தனை பேர் அழுகிறார்கள். அப்பாவுக்காகத்தான் அழுகிறார்கள். அவருக்கு இவ்வளவு பெரிய வாழ்க்கை தற்செயலாகக் கிடைத்திருக்கிறது. அதை இப்போது பிடுங்குவதா? அவள் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

பெண்கள் எல்லோருமே அம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முப்பத்தைந்து வருடம் ஒருத்தனுக்குச் சோறாக்கிப் போட்டு, அவன் சட்டைப் பைக்குள் இன்னொருத்தியின் தலைமுடி இருந்தது தெரியாமல் போனவளைப் பார்க்கும் பார்வை அது.

"கடைசிவரை," பாலச்சந்திரன் ஒரு கையைப் பெட்டிப் பக்கம் நீட்டினார், "கடைசிவரை அண்ணை அந்தப் பெண்ணை மறக்கவேயில்லை."

"பாலா! நிப்பாட்டுங்கோ!"

ரஞ்சினி எழுந்து நின்றாள். கைப்பை நிலத்தில் விழுந்து, வாயில் போடும் தடிமன் மருந்து உருண்டைகள் பெட்டிவரை ஓடின.

"அது ஆர்?"

"ஆரக்கா?"

"அந்த மில்லுக்காறன்ரை மகளோடை திரிஞ்சது ஆர் எண்டு கேக்கிறன்."

"அண்ணைதான் அக்கா. மன்னிச்சுக்கொள்ளுங்கோ, நான் உங்களுக்கு முன்னாலை..."

"உது அம்சன்!"

"எந்த அம்சன்?"

"இருநூறு வருசத்துக்கு முதல் செத்துப்போன அம்சன்! தலைமுடி வைச்சிருந்தது அம்சன். மலை ஏறினது அம்சன். இருமினது அம்சன். இவருக்கு இருமலே இல்லை, கொலஸ்ட்ரோல். மலையோ? இவர் கிழக்கு பேர்லினுக்குப் பிளேனிலை வந்தவர். அங்கையிருந்து ரயிலிலை மேற்குப் பக்கம் வரச் சொல்லிவிட, நித்திரையாப்போய் அதே ரயிலிலை திரும்பக் கிழக்குக்கே போனவர். ரெண்டு தரம்!"

பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டு இருமலாக மாற்றினார்கள்.

பாலச்சந்திரன் ஒலிவாங்கியைப் பிடித்தபடி நின்றார். "முப்பது வருசமாச் சொன்னவரே அக்கா..."

"ஆரைப் பற்றிச் சொல்லுறியள் எண்டு நீங்கள் ஒருக்காலும் கேக்கேல்லையோ?"

"நான் வேலைக்குச் சேர்ந்த அண்டைக்கு அவர் கதையின்ரை நடுவிலை நிண்டவர். பெல்ற் சத்தத்திலை பாதிதான் கேக்கும். பிறகு கேக்க வெக்கமாக் கிடந்தது." அவர் குரல் தணிந்தது. "நான் நத்தார் பண்டிகை விடுமுறையிலையெல்லாம் அவரை நினைச்சு அழுதிருக்கிறன்."

"அப்ப அந்தக் கொடிகாமத்துப் பெட்டை?" என்றாள் கண்மணி மாமி.

"அவளை விடுங்கோ மச்சாள். அவள் பாவம், லண்டனிலை எங்கையோ தன்ரை பாட்டிலை இருக்கிறாள்."

இப்போது சிரிப்பை ஒருவரும் இருமலாக மாற்றவில்லை. ஐயர்கூடச் சால்வையால் வாயைப் பொத்திக்கொண்டார். ரஞ்சினி உட்காரவில்லை. உட்கார மறந்துவிட்டவள்போல் நின்று, பாலச்சந்திரனிடம் பேசத் தொடங்கி, பேசப் பேச மண்டபம் முழுவதற்கும் பேசிக்கொண்டிருந்தாள்.

"எனக்கும் உந்த அம்சனைக் கண்ணிலை காட்டேலாது. நான் கோப்பை கழுவேக்கை இவர் துவாயோடை பக்கத்திலை வந்து நிப்பார். துடைக்கிறதுக்கெண்டு. துடைக்கிறேல்லை. அம்சன் குருவியைப் பற்றி எழுதினானாம், பனியைப் பற்றி எழுதினானாம். அவன்ரை குருவிகளை எல்லாம் நான் கேட்டுக் களைச்சுப்போனன். பிறகு ஒரு நாவல். அதிலை ஒரு தோணிக்காறன். ஒவ்வொரு இரவும் அக்கரையிலை ஆரோ ஒருத்தி பாடுறது கேக்குது. தேடிக்கொண்டு போறான். போறான், போறான், புத்தகம் முழுக்கப் போறான். கடைசியா ஒரு வீட்டைக் கண்டுபிடிக்கிறான். 'அவன் கதவைத் திறந்தபோது' எண்டு எழுதிப்போட்டு அம்சன் செத்துப்போனான். அவ்வளவுதான். கதவைத் திறந்தபோது! அரைவாசி வசனம்!"

"அய்யோ," என்றார் மூன்றாம் வரிசை மனிதர், உண்மையான கவலையோடு. "உள்ளுக்கை ஆர்?"

"அதைத்தானே இந்த மனுசன் முப்பத்தைஞ்சு வருசமா எனக்குச் சொன்னவர். ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு முடிவு. ஒருநாள் அவள் இருக்கிறாள். ஒருநாள் அவள் கிழவியாப்போனாள். ஒருநாள் உள்ளுக்கை இவன்ரை தாய் இருக்கிறா. ஒருநாள் ஒருத்தருமில்லை, அடுப்பிலை சோறு மட்டும் கொதிச்சுக்கொண்டிருக்குது. எனக்கு அதுதான் பிடிச்சது. நான் சொல்லேல்லை. சொன்னா அதையே சொல்லிக்கொண்டு நிப்பார், கோப்பை துடைக்கமாட்டார்."

அவள் மூக்கைத் துடைத்தாள்.

"போன சனிக்கிழமையும், 'ஒரு நல்ல முடிவு வந்திருக்கப்பா, வந்து சொல்லுறன்' எண்டார். நான் சொன்னன், முடிவு கிடக்கட்டும், முருங்கைக்காய் முத்தலா வாங்காதேங்கோ எண்டு. எப்பவும் எதையோ யோசிச்சுக்கொண்டு முத்தலைத்தான் பொறுக்குவார். அதுதான் நான் கடைசியாச் சொன்னது. கடைக்கே போகேல்லை. பொய். நேரை அங்கை போய் இருந்திட்டார்."

பற்றரி மெழுகுதிரிகள் மட்டும் ஒரே தாளத்தில் மினுங்கின. தகனச்சாலை ஊழியர் கதவைத் திறந்து, நேரமாகிவிட்டது என்று சொல்ல வாயெடுத்தவர், உள்ளே பார்த்துவிட்டுத் திரும்பக் கதவைச் சாத்தினார்.

அப்போது ஹெர் தீலெமன் எழுந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. கணவனின் பெட்டிக்கு முன்னால் நின்று அம்செல்பாக்கின் கதையை ஒரு மனைவி இவ்வளவு உணர்ச்சியோடு சொல்வதைத்தான் அவர் பார்த்திருந்தார். அவருடைய வெள்ளை மீசை நனைந்திருந்தது. துணிப்பையை இரு கைகளிலும் ஏந்திக்கொண்டு போய், பெட்டியின் கால்மாட்டில் வைத்து, குனிந்து வணங்கினார். பிறகு தக்சாயினியிடம் தாழ்ந்த குரலில் நீளமாக ஏதோ சொன்னார்.

"என்னவாம்?" என்றாள் ரஞ்சினி.

தக்சாயினிக்குச் சிரிப்பு வந்ததா வேறேதும் வந்ததா என்று அவளுக்கே தெரியவில்லை. "அண்டைக்கு அப்பாவை அம்புலன்சிலை கொண்டுபோன பிறகு நாற்காலிக்குக் கீழை இது இருந்ததாம். என்னெண்டு அவையளுக்குத் தெரியேல்லையாம். ஒராள் ஏதோ ஊதுற வாத்தியம் எண்டு சொன்னவவாம். இவர், செத்த வீட்டுச் சடங்குக்கு உரிய சாமான் எண்டு நினைச்சிருக்கிறார். பழுதாப்போகக்கூடாதெண்டு நிலவறையிலை, அம்செல்பாக்கின்ரை கையெழுத்துத் தாளுகளுக்குப் பக்கத்திலை, அதே குளிரிலை வைச்சிருந்தவையாம்."

ரஞ்சினி நடந்து வந்தாள். மருந்து உருண்டை ஒன்று அவள் செருப்புக்குக் கீழ் நொறுங்கியது. பையைத் திறந்தாள்.

உள்ளே நூலால் கட்டப்பட்ட முருங்கைக்காய்கள், பச்சை மாறாமல். நூலில் ஒரு வெள்ளை அட்டை தொங்கியது.

அவள் ஒன்றை உருவி எடுத்தாள். விரல்களால் மெல்ல அழுத்தினாள். நகத்தால் தோலைக் கீறிப் பார்த்தாள். பிறகு அதைக் கையில் பிடித்தபடி கால்மாட்டிலிருந்து தலைமாட்டுக்குப் போய் அவர் முகத்தைக் குனிந்து பார்த்தாள். நெற்றித் திருநீறு கொஞ்சம் கண்ணிமைமேல் உதிர்ந்திருந்தது. சேலைத் தலைப்பால் அதைத் துடைத்துவிட்டாள்.

"முத்தல்," என்றாள் அவரிடம்.

ஐயர் அரிசித் தட்டை நீட்டினார். ரஞ்சினி முருங்கைக்காயை இடது கைக்கு மாற்றிக்கொண்டு வாய்க்கரிசி போட்டாள். ஒரு தரம் போட்டாள். இன்னொரு தரம் போட்டாள். காணும் அம்மா என்று ஐயர் சொல்லும்வரை போட்டுக்கொண்டிருந்தாள்.

பெட்டியை மூடினார்கள். உள்கதவுவரை எல்லோரும் தேவாரம் பாடிக்கொண்டு போனார்கள். அங்கே ஒரே பிள்ளையான தக்சாயினிதான் தகன அடுப்பின் பொத்தானை அமத்தினாள்.

திரும்பும்போது பாலச்சந்திரன் அவர்களுக்காக வாசலில் காத்துக்கொண்டு நின்றார். "அக்கா, நான் அண்ணையைக் கேவலப்படுத்திப்போட்டன்," என்றார்.

"இல்லை பாலா. அவருக்குச் சரியான சந்தோசமா இருந்திருக்கும்." துணிப்பையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, "எட்டாம் நாள் சடங்குக்கு வாங்கோ. மற்றப் பாதியை நான் சொல்லுறன்," என்றாள்.

காரில் தக்சாயினி ஓட்டினாள். ரஞ்சினி பக்கத்தில் இருந்தாள். பை அவள் மடியில் இருந்தது. முருங்கைக்காய்கள் திறந்த பைக்குள் அவள் தோள்வரை நீட்டிக்கொண்டு நின்றன. சாலைத் திருப்பங்களில் வெள்ளை அட்டை ஆடியது.

"என்ன எழுதிக் கிடக்குது உதிலை?"

சிவப்பு விளக்கில் நின்றபோது தக்சாயினி அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். மேலே அம்செல்பாக் வீட்டின் முத்திரை. கீழே நுணுக்கமான கையெழுத்து.

"தொடக்கூடாது எண்டு போட்டிருக்கு."

"ம்."

செத்த வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது. சாப்பாட்டுக்குக் கண்மணி மாமி வெளியில் கடையில் சொல்லியிருந்தாள். விளக்கு பச்சையானது. ரஞ்சினி அட்டையைக் கழற்றவில்லை. காய்கள் வளையாதபடி பையை நிமிர்த்தி, வீடு வரும்வரை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டே வந்தாள்.